அம்மாவின் அறைக்கு ஒரு கணப்பு: மரத்தூள் கட்டியை நம்பி நான் பட்டதும் கற்றதும்

எங்கள் வீடு நுவரெலியா மாவட்டத்தில், கந்தப்பளைக்கு மேலே, 6,000 அடியைத் தாண்டிய ஒரு தோட்டத்தில் இருக்கிறது. 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய சின்ன வீடு. 2022 கடைசியில்தான் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை விட்டு இங்கே குடிவந்தோம். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். நான் பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வீட்டில் நானும் 74 வயது அம்மாவும் மட்டும்தான். வந்து முதல் தை மாதமே அம்மா சொன்னார்: "லயத்துக் காம்பராவுல கெடந்தப்பகூட இவ்வளவு குளிரலையே புள்ள." உண்மைதான். லயத்தில் 10க்கு 12 அடிக் காம்பரா, அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர், பக்கத்திலேயே அடுப்பு. புது வீட்டுக்கோ நாலு பக்கமும் காற்று, பூசாத சீமெந்துக்கல் சுவர், சீலிங் அடிக்காத தகரக் கூரை. எங்கள் பக்கம் தை, மாசியில் விடியும்போது புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அப்படி ஒரு காலையில் அம்மாவின் அறை வெப்பமானி 9 பாகை காட்டியது. அம்மா மூன்று கம்பளிக்குள் கிடந்தார், விரல் நுனியெல்லாம் நீலம்.

சும்மா நெருப்பு மூட்டிக் குளிர்காயவும் வழி இல்லை. அம்மா 40 வருடம் மிலாறும் ஈர விறகும் ஊதி ஊதிச் சமைத்தவர். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சிகளைத்தான் மிலாறு என்கிறோம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தப் புகையின் வாசனையே வேறாகத் தெரியும். அந்தப் புகை அவருடைய நெஞ்சில் தங்கிவிட்டது. ஒருநாளும் பீடி தொடாத மனுசிக்கு, பீடி குடித்தவரின் நுரையீரல் என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஆகவே எனக்குத் தேவைப்பட்டது சூடு. புகை ஒரு இழைகூட வீட்டுக்குள் வரக் கூடாது. இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கடைக்காரர்கள் அவரவர் பொருளைச் சொன்னார்கள். முழுதாக வழிகாட்ட ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது 12,500 ரூபாவுக்கு ஒரு மின்சார ஹீட்டர், 2,000 வாட். கணக்குப் பார்த்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும். வாங்கிய பிறகுதான் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு 2 யூனிட், இரவில் 5 மணித்தியாலம் என்றால் 10 யூனிட், மாதத்துக்கு 300. எங்கள் வழக்கமான பாவனையே 60 யூனிட்தான். 2022 ஓகஸ்டில் ஒரு தடவை, 2023 பெப்ரவரியில் இன்னொரு தடவை என்று மின்கட்டணம் ஏறியிருந்த நேரம் அது. கூடப் பாவித்தால் ஒவ்வொரு யூனிட்டின் விலையும் கூடும். 23,000 ரூபாவைத் தாண்டிய பில்லைக் கையில் வாங்கிய அன்றே ஹீட்டரைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினேன். அம்மாவிடம் பழுதாகிவிட்டது என்று பொய் சொன்னேன். உண்மை தெரிந்தால் குளிரையும் சொல்லாமல் அடக்கிக்கொள்வார்.

விறகு வாங்கலாம் என்றால் லொறியில் வருவது பெரும்பாலும் வெட்டி இரண்டு வாரம்கூட ஆகாத டர்பன்டைன் மரம். பச்சை மரத்தின் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விடும், நெருப்பு குளிர்ந்து புகையும். காய வைக்க எங்கள் மூடுபனியில் ஒரு வருடமாவது வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. 2014 ஒக்டோபரில் மீரியாபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டதிலிருந்து, மேட்டில் நிற்கும் ஒரு மரத்தையும் வெட்ட அம்மா சம்மதிக்க மாட்டார். "அது நின்னா நாம நிப்போம்" என்பார். எனக்கும் அதே எண்ணம்தான். அதனால், மர ஆலைகளில் வீணாகும் தூளை அழுத்திக் கட்டியாக்கி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது மனம் அப்படியே அதில் போய் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சந்தோசம் தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். மரத்தூளை ஈரம் 10 வீதத்துக்குக் கிட்டக் காயவைத்து, பெரிய அழுத்தத்தில் நசுக்கும்போது ஏற்படும் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் இளகிப் பசையாகிவிடும். வேறு பசை தேவையில்லை. நல்ல கட்டி ஒரு கிலோவில் ஏறக்குறைய 4.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. பச்சை விறகில் அதில் பாதிகூட வராது. பொருள் நல்லது. நான் மோசம் போனது அதை வாங்கிய விதத்திலும், வைத்த இடத்திலும், எரித்த அடுப்பிலும்.

2023 மே மாதம் 500 கிலோ எடுத்தேன். கிலோ 48 ரூபாப்படி 24,000, லொறிக்கூலி 9,000. மொத்தமாக எடுத்தால் மலிவு என்றார்கள், எடுத்துவிட்டேன். என்ன தூள், எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எரிக்கத் தொடங்கிய முதல் வாரமே சாம்பல் வாளி வாளியாக வந்தது. சுத்தமான மரத்தூளில் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்குகூட இருக்காது. 5 கிலோ எரித்தால் ஒரு கைப்பிடி. நெல் உமியிலோ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். எனக்கு வந்தது உமி கலந்த கட்டி. உமிக் கட்டி கெட்ட சாமான் அல்ல, ஆலைக் கொதிகலனுக்குச் சரிவரும். வீட்டுச் சின்ன அடுப்பில் அது காற்று வழியை அடைத்து நெருப்பை மூச்சுத்திணற வைத்துவிடும். ஆகவே வாங்கும் முன் 10 கிலோ மட்டும் எடுத்து வீட்டில் எரித்துப் பாருங்கள், சாம்பலை நிறுத்துப் பாருங்கள். பலகைத் தொழிற்சாலைத் தூள், அதாவது பிளைவூட், எம்.டி.எஃப். அறுத்த தூள் கலந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அதில் ரசாயனப் பசை உண்டு; எரிக்கும்போது கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி வரும். அப்படி வந்தால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த பிழை, வைத்த இடம். பின்பக்கச் சாய்ப்பில், சீமெந்துத் தரையிலேயே மூட்டைகளை அடுக்கி மேலே பொலித்தீன் போட்டு மூடினேன். மழை படவில்லை, ஒழுகவில்லை. ஆனால் எங்கள் மலையில் மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம். ஜூலைக் கடைசியில் அடிமூட்டை ஒன்றைத் தூக்கினேன். பை கையோடு வந்தது, உள்ளே இருந்தது வரவில்லை. அவிழ்த்துப் பார்த்தால் கட்டிகள் பருத்து வெடித்து, தேத்தண்ணீரில் ஊறிய ரஸ்க் போல ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தன. ஒன்றை விரலால் அழுத்தினேன். பொலபொலவென்று பழைய மரத்தூளாகவே உதிர்ந்தது. உள்ளங்கையில் லேசான வெதுவெதுப்பு, புளித்த மாவு வாசனை. அப்படியே அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடலுக்கு அப்பால் ஒருவர் வெயிலில் நின்று உழைத்து அனுப்பிய காசு கையில் தூளாகக் கிடக்கிறது. 250 கிலோவுக்கு மேல் போயிற்று. கடைசியில் அதைக் கத்தரிப் பாத்திக்குப் போட்டோம்.

இப்போது எப்படி வைக்கிறேன் என்றால், வீட்டுக்குள், அம்மாவின் அறைச் சுவருக்கு அடுத்த பக்கம், நான்கு விரல் உயரப் பலகைமேல், சுவரில் முட்டாமல். இரண்டு மாதத்துக்கு மேல் தேவையானதை வாங்குவதில்லை. இன்னொரு வழக்கம், இது எனக்கே தோன்றியது: ஒரு கட்டியில் மார்க்கர் பேனாவால் அடையாளம் போட்டு, வந்த அன்று நிறுத்து எழுதி வைப்பேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சமையல் தராசில் அதே கட்டி. ஒருமுறை 1,000 கிராம் இருந்தது 1,090 ஆனது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, தராசு சொன்னது. உடனே மற்றவற்றை இடம் மாற்றினேன். நடுவில் துளையும் கருகிய மேற்தோலும் உள்ள கட்டிகள் ஈரத்தைக் கொஞ்சம் கூடத் தாங்கும். எங்கள் மாதிரி இடத்துக்கு அதைத் தேடி வாங்கலாம். குறுணி குறுணியான பெல்லட்டும் இருக்கிறது. ஆனால் பெல்லட் ஸ்டவ்வில் ஊட்டும் பொறியும் விசிறியும் மின்சாரத்தில் ஓடுபவை. காற்றடித்தால் கரண்ட் போகும் ஊரில் அது எனக்குச் சரிவரவில்லை.

அப்புறம் அடுப்பு. எண்ணெய் பீப்பாய் ஒன்றை வெட்டி, கதவு வைத்து, குழாயோடு 21,000 ரூபாவுக்குச் செய்வித்தேன். கூரையில் ஓட்டை போட்டால் ஒழுகும் என்று, குழாயைச் சுவர் வழியாகப் படுக்கையாக வெளியே விட்டார்கள். நானும் சரி என்றேன். சூடான காற்று மேலேதான் ஏறும், படுக்கைக் குழாயில் இழுவை இருக்காது என்று பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனி, ஆடி மாதத்துப் பருவக்காற்று அந்தச் சுவரில் நேரே மோதும். மோதும்போதெல்லாம் புகை திரும்பி அறைக்குள் வந்தது. ஈரக் கட்டி வேறு. குழாய் மூட்டிலிருந்து தார் போல ஒரு கறுப்பு நீர் வடிந்து சுவரில் கோடு போட்டது. அது எரியாத புகை குளிர்ந்து படிவது. சேர்ந்தால் ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். அம்மாவுக்கு இழுப்பு கூடி இரண்டு தடவை நெபுலைஸ் பண்ணக் கூட்டிப் போனேன். நல்லது செய்யப் போய் அவரை வதைக்கிறேனோ என்று இரவெல்லாம் தூக்கம் வராது. ஓகஸ்டோடு அடுப்பை நிறுத்திவிட்டேன்.

இனி வருவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். 2024, பொங்கல் கழிந்து இரண்டாம் நாள். வானம் தெளிந்து நட்சத்திரம் நிறைந்த இரவு. அப்படிப்பட்ட இரவில்தான் குளிர் எலும்பைத் தொடும். உதிர்ந்த கட்டிகள் போக மிச்சம் எரியவில்லை. டவுனில் ஒரு கடையில் சிரட்டைக்கரிக் கட்டி விற்கிறார்கள், ஹோட்டல்களில் இறைச்சி சுடுவதற்கு வாங்குவது. "டீச்சர், இதுல பொகையே வராது" என்றார் கடைக்காரர். புகை வராது என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. 10 கிலோ பை 2,800 ரூபா. வெளியே வைத்துப் பற்றவைத்து, சிவந்து சாம்பல் பூத்த பிறகு மண்சட்டியில் எடுத்து அம்மாவின் அறையில் வைத்தேன். உண்மையிலேயே ஒரு இழை புகை இல்லை. ஜன்னலைச் சாத்தினேன். கதவின் கீழ் இடைவெளியில் பழைய சேலை ஒன்றைச் சுருட்டி அடைத்தேன். அறை 18 பாகைக்கு வந்தது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக அம்மா கம்பளிக்கு வெளியே கை நீட்டித் தூங்கினார். அதைப் பார்த்துக்கொண்டே நானும் பக்கத்தில் படுத்துவிட்டேன்.

இரண்டு மணியளவில் தலை பிளக்கும் வலியோடு விழித்தேன். குமட்டல். பகலில் வெயிலில் நின்றதாக்கும் என்று நினைத்தேன். அம்மாவை எழுப்பினால் முனகுகிறார், கண் திறக்கவில்லை. தலையணையில் வாந்தி. கொரோனா காலத்தில் வாங்கிய, இரத்தத்தில் ஒக்சிசன் அளவு காட்டும் விரல் கிளிப் மேசையில் இருந்தது. போட்டேன், 98 காட்டியது. ஒக்சிசன் நன்றாக இருக்கிறது, அப்படியானால் பிரஷராக இருக்கும் என்று மருந்துப் பெட்டியைத் தேடினேன். அந்த 98ஐ நம்பி வீணாக்கிய பத்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. கால் பின்னிக்கொண்டு நடக்க முடியவில்லை. யாரையாவது கூப்பிட வேண்டும் என்று கதவைத் திறந்து வாசலுக்கு வந்தேன். பனிக்காற்று முகத்தில் அடித்ததும் ஒரு கணம் தலை தெளிந்தது. சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஓடி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் சட்டியைக் கண்டதும் கத்தினார்: "டீச்சர், மொதல்ல கதவு ஜன்னலெல்லாம் தொறந்து விடுங்க! அம்மாவத் தூக்குங்க வெளியில!" அவருடைய சின்ன வயதில் லயத்தில் இப்படி ஒரு சாவைப் பார்த்திருக்கிறாராம்.

அவருடைய மகனின் த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இருவருக்கும் முகமூடி வைத்து ஒக்சிசன் கொடுத்தார்கள். வார்டில் இருந்த இளம் டொக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுக்குள்ள கரி போட்டீங்களா?" என்பதுதான். காபன் மொனொக்சைட். எங்கள் பாடப்புத்தகத்தில் காபனோரொட்சைட்டு. நிறமில்லை, மணமில்லை, ஒக்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் என்று நானே கரும்பலகையில் எழுதிப் படிப்பித்த வாயு. அந்த விரல் கிளிப்புக்கு அதை ஒக்சிசனிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியாது, அதனால்தான் 98 காட்டியது என்று டொக்டர் விளக்கினார். அம்மா மூன்று நாள் வார்டில் இருந்தார். இரண்டாம் நாள் காலையில் என்னைப் பார்த்து "சாப்ட்டியா புள்ள" என்று கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

இதை வாசிப்பவர்கள் ஒன்றை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள். புகை இல்லை என்றால் நஞ்சு இல்லை என்று அர்த்தமல்ல. கரி, சிரட்டைக்கரி, தணல் எதுவாக இருந்தாலும் புகைக்குழாய் இல்லாமல் அறைக்குள் வைக்காதீர்கள், கொஞ்ச நேரத்துக்குக்கூட. வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைச்சுற்று வந்தால் காய்ச்சலா பிரஷரா என்று யோசிக்க நிற்காமல் வெளியே வாருங்கள், ஆட்களையும் இழுத்து வாருங்கள், பிறகு ஆஸ்பத்திரி. கிளிப்பை நம்ப வேண்டாம்.

அந்த வருடம் நடுவில், ஆளாளுக்குக் கேட்டு, படித்து, மறுபடி தொடங்கினேன். கணவர் முதலில் வேண்டவே வேண்டாம் என்றார். அவர் பயம் நியாயம். ஆனால் குளிரும் அம்மாவைக் கொல்லும்தானே. இந்தத் தடவை முதல் செலவு நெருப்புக்கு அல்ல, கூரைக்கு. 46,000 ரூபாவுக்கு அம்மாவின் அறைக்குச் சீலிங் அடித்தோம். நெருப்பே இல்லாமல் விடியற்காலை 9 பாகை 12 ஆனது. இதை முதலிலேயே செய்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது. யாரும் முதலில் சீலிங்கைச் செய்யுங்கள்.

அடுப்பு கனமான இரும்புத் தகட்டில், கதவு இறுக மூடும்படி, குழாயோடு 78,000 ரூபா ஆனது. 6 அங்குலக் குழாய் நேரே மேலே ஏறி, கூரை முகட்டைவிட 3 அடி உயர்ந்து நிற்கிறது. கூரையைத் துளைக்கும் இடத்தில் இரட்டைக் குழாய், சுற்றிவர மரச்சட்டம் எதுவும் தொடாமல் இடைவெளி. அடுப்பை ஒட்டிய முதல் பகுதிக்கு கல்வனைஸ் குழாய் வேண்டாம், சூட்டில் அதன் பூச்சு நல்லதில்லை என்று வெல்டிங் செய்த பாஸ் தானாகவே சொன்னார். ஒழுகுமோ என்று பயந்த கூரை ஒழுகவில்லை. அடுப்புக்குக் கிட்டத் தரையோடு சுவரில் ஒரு காற்றுத் துளை விட்டோம். அதை யாரும் துணி வைத்து அடைக்க முடியாதபடி கம்பிவலை அடித்திருக்கிறேன். கணவர் லீவில் வரும்போது காபன் மொனொக்சைட் அலாரம் இரண்டு கொண்டுவந்தார். ஒன்று அம்மாவின் அறையில், ஒன்று என் அறையில். மாதம் பிறந்ததும் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பேன். அதற்கும் ஆயுள் உண்டு. எந்த வருடம் மாற்ற வேண்டும் என்று பின்னால் அச்சிட்டிருப்பார்கள்.

எரிக்கும் விதமும் வேறு. விறகு அடுக்குகிற மாதிரி நிரப்பக் கூடாது. கட்டி எரியும்போது பருக்கும், வேகம் அதிகம். ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று கட்டி, நடுவில் விரல்விட்டு இடம். குத்திக் கிளறினால் உதிர்ந்து அமுங்கிவிடும், விட்டுவிட வேண்டும். தணல் இருக்கும்போதே சூடு தங்கட்டும் என்று காற்று வழியை முழுதாக மூடுவதும் கூடாது, அங்கேயும் அதே வாயுதான். மாலை 6 மணிக்கு மூட்டினால் 5 கிலோவில் ஒன்பதரை வரை போகும். அணைந்து குளிர்ந்த பிறகுதான் அம்மா படுப்பார். அதுவரை இரும்பும் சுவரும் வாங்கிய சூடு விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வரும். இப்போது சுத்தமான மரத்தூள் கட்டி கொண்டுவந்து இறக்கக் கிலோ 72 ரூபா, ஆகவே ஒரு இரவுக்கு 360. அடுப்பில் வீணாவது போக அறைக்கு 14 யூனிட் அளவு சூடு கிடைக்கிறது. அந்த ஹீட்டரில் 10 யூனிட்டுக்கே 750 ரூபா போயிற்று.

தொலைத்த காசைக் கூட்டிப் பார்த்தேன். ஹீட்டர், அந்தப் பில்லில் கூடிய பங்கு, உதிர்ந்த கட்டி, பீப்பாய் அடுப்பு, சிரட்டைக்கரி, ஆஸ்பத்திரி அலைச்சல் எல்லாம் சேர்த்து 80,000 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. சரியான அடுப்பே அந்த விலைதான்.

இந்தத் தை மாதம் அம்மாவின் அறை காலையில் 16 பாகை காட்டுகிறது. ஒரு தடவைகூட நெபுலைஸ் பண்ணவில்லை. படுக்கப் போகும்போது ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்திருக்கிறேனா என்று அவரே எழுந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பார். பக்கத்து வீட்டு அண்ணனும் தன் தகப்பனாரின் அறைக்கு ஒரு அடுப்பு வைக்கப் போகிறார். சுவர் வழியாகக் குழாய் விட்டால் 10,000 மிச்சமாம். வருகிற சனிக்கிழமை பாஸ் வருகிறார். வேலை தொடங்கும் முன் இரண்டு பேரும் எங்கள் பின்சுவரில் இன்னும் அழியாமல் இருக்கும் அந்தக் கறுப்புக் கோட்டை வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.